பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்

என் மகள் போடியில் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் வகுப்பில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, இங்கிலீஷ்காரர்கள் அதை எங்கெங்கே எப்படிப் புழங்குகிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாகத் திரட்ட வேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். அவளுக்கு வாய்த்த சொல் 'இன்டர்ட்வைன்'.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு மலைக்குப் போகிற சோலி இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்து வாசித்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கிறதும்மா. ரெண்டு கொடி சுத்திக்கிட்டுக் கெடக்குல்ல, அது மாதிரி."

"எதுக்கெல்லாம் சொல்றாக?"

"மரத்து வேருக்குச் சொல்றாங்க. காதலிக்கிறவங்க வெரலக் கோத்துக்கிட்டு நடந்தாச் சொல்றாங்க. ரெண்டு ஊரு வரலாறு, ரெண்டு பேரு தலையெழுத்து, ரெண்டு குடும்பத்துக் கதை, எல்லாத்துக்கும் சொல்றாங்க. பாதி எடத்துல கூடவே இன்னொரு சொல்லும் ஒட்டிக்கிட்டு வருது. பிரிச்செடுக்கவே முடியாதபடின்னு அர்த்தம். ரெண்டும் சோடி போட்டுத்தான் வருதுங்க."

எனக்கு வெங்காயக் காரம் கண்ணில் ஏறியிருந்தது. "பின்னிக்கிடக்குன்னு சொல்றாக, சரி. யாரு பின்னுனாகன்னு ஒண்ணுலயும் வரலையே ஆத்தா?"

அவள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஆமாம்மா. வாழ்க்கை, தலையெழுத்துன்னு வந்தா அப்படித்தான் எழுதுறாங்க. பின்னுன ஆளு வரவே மாட்டாரு."

"நம்ம வீட்டுல பின்னுன ஆளு இருக்காகளே" என்று கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அங்கே என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எம்மா, ஒன் கல்யாணத்தையே உதாரணமாச் சொல்லிரவா?"

"சொல்லிராத தாயி. அது காலேசு வரைக்கும் போக வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் வெங்காயத் தோல் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவிய பிறகும் போகவில்லை.

எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டு அண்ணன் தங்கையை இன்னொரு வீட்டு அண்ணன் தங்கைக்கு மாற்றிக் கட்டுவார்கள். சீர் கேட்கிற பேச்சு இல்லை, நகை கேட்கிற பேச்சு இல்லை, ஒரே பந்தல், ஒரே சமையல். எங்கள் சொந்த ஊர் சிலமலை. அங்கே என் அண்ணனுக்குப் போடியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். அதற்கு ஈடாக அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு என்னைக் கொடுத்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு தாலி. எங்களுக்கு மாலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மனையில் அவர்களுக்கும் மாலை மாற்றினார்கள். எனக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி, அவளுக்கும் நான் அண்ணன் பெண்டாட்டி. நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள்.

கொடுத்துவிட்டு எடுத்தவர்கள் கணக்கு ரொம்ப நேரானது. அங்கே ஒன்று நடந்தால் இங்கே ஒன்று நடக்க வேண்டும். என் அண்ணன் மதினிக்குத் தீபாவளிச் சேலை எடுக்க மறந்தால் எனக்கும் அந்த வருசம் சேலை கிடையாது. என்னைப் பிரசவத்துக்கு அனுப்ப இங்கே சுணங்கினார்கள் என்று அங்கே அவளைத் திருவிழாவுக்கு அனுப்பவில்லை. கடைசியாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். அவள் வாழாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால், நான் என் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவளைப் பெற்ற வீட்டில்தான் நான் வாழ்கிறேன், என்னைப் பெற்ற வீட்டில் அவள் வாழ்கிறாள். ஒருத்தி வாசலில் ஏறினால் மற்றவள் அதே வாசலில் இறங்க வேண்டும்.

என் அண்ணன் நல்லவன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சின்ன வயதில் சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன். ஆனால் குடித்தால் கை நீளும். பிள்ளை இல்லை என்கிற பேச்சு வேறு அந்த வீட்டில் உண்டு. என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறார். அதிகம் பேசாத ஆள். அண்ணன் கை நீளும்போதெல்லாம் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். நான் வைத்த சோற்றைத் தொடமாட்டார். பழனியப்பன் கோபித்துக்கொண்டு மலை ஏறியது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் ஓட்டலில் சாப்பிட்டு வருவார். நாலு நாளில் மறந்துவிடுவார். நான் மறக்கமாட்டேன். எனக்குப் பயம் முதலில் வந்துவிடும், விஷயம் பின்னால்தான் வரும். அத்தை சாதாரணமாக "ஏ, இங்க வா" என்றாலும், போகிற வழியிலேயே என் துணிமணிகளை மனசுக்குள் எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவேன். என் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தச் சேலையை விட்டுவிட்டுப் போவது என்றெல்லாம் யோசித்து முடித்திருப்பேன். அத்தை கேட்டது தண்ணீராக இருக்கும்.

மதினியும் நானும் ஒரே ஜீப்பில்தான் மலைக்கு வேலைக்குப் போகிறோம். ஜீப்பு விடியும் முன்பே சிலமலையில் புறப்பட்டு, போடியில் எங்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, மலை மேலே இருக்கிற மெட்டுக்கு ஏறும். அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்கள். ஜீப்பின் பின்னால் இரண்டு பக்கமும் நீளப் பலகை. ஏற்றக்கூடிய ஆளுக்கு மேல் ஏற்றினால்தான் டிரைவருக்குக் கட்டுப்படியாகும். அதனால் எதிரெதிரே உட்காரும் பெண்கள் காலை வைக்க ஒரு முறை இருக்கிறது. என் முட்டி ஒன்று, அடுத்து அவள் முட்டி ஒன்று, திரும்ப என் முட்டி என்று இடை விட்டுக் கோத்துக்கொள்ள வேண்டும். விரலைக் கோத்து இறுக்குகிற மாதிரி. அப்படிக் கோத்து உட்கார்ந்துவிட்டால் எந்தக் கொண்டைஊசி வளைவிலும் ஒருத்தியும் சரியமாட்டாள். ஆனால் நடுவில் ஒருத்தி இறங்க வேண்டுமென்றால் ஜீப்பு முழுதும் எழுந்திருக்க வேண்டும். அதனால் யாரும் நடுவில் இறங்குவதில்லை. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு போவோம்.

மதினி எப்போதும் எனக்கு எதிரில் உட்காருவாள். அவள் முட்டி என் முட்டிகளுக்கு நடுவில் இருக்கும். வருசக்கணக்காக அப்படிப் போயிருக்கிறோம். சுற்றிலும் சிலமலைக் காதும் போடிக் காதுமாக இருக்கும். அதனால் எங்கள் பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"நல்லா இருக்கீகளா மதினி?"

"நல்லா இருக்கோம். நீங்க?"

"எங்களுக்கென்ன."

அவள் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி வெளியே மேகத்தைப் பார்ப்பேன்.

மகள் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டிய அதே வாரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு நாள் மதினி மலையிலிருந்து இறங்கினவள், தன் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்து சற்று நேரம் இருந்துவிட்டுப் போனாள். என் அண்ணனிடம் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரிந்து, வீட்டில் அடி விழுந்தது. மறுநாள் சாயங்காலம் அந்தச் செய்தி அத்தை காதுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பித்தார்.

"அங்க எம்மக கன்னம் வீங்கிக் கெடக்கு. இங்க இவ தலை நெறையப் பூ வச்சிக்கிட்டுத் திரியிறா."

அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு வையிடா. அப்பத்தான் அந்தப் பய அடங்குவான். நீ ஆம்பளதானே?"

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். இத்தனை வருசத்தில் அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இன்றைக்கு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பட்டென்று சத்தம் கேட்டது. எனக்கு வலிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் கைலியைச் சுருட்டிக்கொண்டு தன் தொடையில் ஓங்கி இன்னொன்று வைத்தார். மூட்டை தூக்குகிற கை. வெளியே தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"அழு" என்றார், மெதுவாக.

"என்னங்க?"

"சத்தமா அழு. அம்மா கேக்கட்டும்."

நடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. அவர் பயந்துபோய் "போதும், போதும்" என்று கையால் காட்டினார். தொடையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கைலியை இறக்கி அதை மூடிக்கொண்டு வெளியே போனார். அத்தை திருப்தியாக டிவியைப் போட்டார்.

அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன். அவரைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

கணக்கு முடியவில்லை. அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிலமலையில் தம்பி இருக்கிறான். அடுத்த நாளே செய்தி என் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. என் தங்கச்சி மேலே கை வைத்துவிட்டானா என்று அவன் அதைத் திருப்பிக் கொடுத்தான், மதினிக்கு.

மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறிக் காலைக் கோத்து உட்கார்ந்தபோது மதினி முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். குளிருக்கு எல்லோரும் அப்படித்தான் போர்த்துவார்கள். மெட்டு ஏறி வெளிச்சம் வந்தபோது பார்த்தேன். வீங்கிய கன்னத்தில் மறுபடியும் வீங்கியிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. அந்தக் கண்ணால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், கழுத்து, கை என்று தேடினாள். என் முகத்தில் ஒன்றும் இல்லை. முதல் நாள் மஞ்சள் பூசிக் குளித்த முகம்.

"ஒனக்கு எங்க பட்டுச்சு மதினி?" என்று கேட்டாள்.

ஜீப்பே காதைத் தீட்டியது.

"உள்ளடி" என்றேன்.

"போடிக்காரக கெட்டிக்காரக" என்றாள் கடைசியில் இருந்த ஒருத்தி. "அடிச்சாத் தடம் தெரியாது. எங்க ஊரு ஆளுகளுக்குத்தான் அந்தப் பதம் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அவள் முட்டி நடுவில் இருந்தது.

ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. செடியின் அடியில், தரையோடு தரையாக ஓடுகிற சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தழையை ஒதுக்கிவிட்டு, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். தலைக்கு மேலே தோகை மூடியிருக்கும். இரண்டு பேர் ஒரே செடியின் தூரில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அவள் தூருக்குப் போய் உட்கார்ந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். உள்ளறை, தொடை, "அழு" என்று சொன்னது, எல்லாவற்றையும்.

அவள் காயைப் பறிப்பதை நிறுத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எங்கண்ணன் தொடையில விழுந்ததுதான் எங்கன்னத்துக்கு வந்திருக்கு."

"மதினி..."

"எங்கண்ணன் ஒன்னைய அடிக்கிறதில்லையா? இத்தன வருசத்துல?"

"இல்ல."

"சத்தியமா?"

"இல்ல மதினி."

அவள் சிரிப்பு நின்றது. "நான் வாங்குறதெல்லாம் நீயும் வாங்குறன்னுல்ல நெனச்சிருந்தேன். எங்க நான் கெளம்பிட்டா ஒன்னைய அனுப்பிருவாகளோன்னு. அடியும் வாங்கிட்டு, வாழ்க்கையும் போயிட்டா நீ என்ன செய்வன்னு. ஒன்னைய நெனச்சுத்தான் அங்க கெடக்கேன்."

இந்த வீட்டில் நான் எத்தனையோ பேச்சை விழுங்கியிருக்கிறேன், வாய் திறந்தால் அங்கே அவளுக்கு விழும் என்று. இரண்டு பேரும் ஒருத்தியை நினைத்து ஒருத்தி அவரவர் அறைக்குள் பூட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"கெளம்பி வந்துரவா?" என்று கேட்டாள். "அம்மா வீட்டுக்கு. ஒன் வீட்டுக்குத்தான். நீ சரின்னு சொன்னா வர்றேன். நீ சொல்லாம வரமாட்டேன்."

அந்தச் சமயத்தில் சூப்பர்வைசர் தோகையை விலக்கிக்கொண்டு வந்தார். மலையாளத்துக்காரர். "சேச்சிமாரே, வர்த்தமானம் மதி" என்றார். பேசினது போதும் என்று அர்த்தம். நல்லவேளை என்று நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தூருக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு மரத்தில் மிளகுக்கொடி பின்னி ஏறியிருந்தது. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வாரத்தில் மிச்சமிருந்த நாட்களில் ஜீப்பில் அவள் என்னைக் கேட்கவில்லை. முட்டியால்கூட இடிக்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சரி என்று சொன்னால் என் பெட்டியை வாசலில் வைப்பார்கள். சிலமலையில் என் அண்ணன் வீட்டில் நான் எங்கே படுப்பேன்? என் அறையில் இப்போது வெங்காய மூட்டை கிடக்கிறது. குடிகாரனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு அங்கே கிழவியாக வேண்டும். மகள் அப்பாவோடு இருப்பாளா, என்னோடு வருவாளா? அவள் படிப்பு என்ன ஆகும்? வாழாவெட்டி மகள் என்று அவளை யார் கட்டுவார்கள்? இல்லை என்று சொன்னால்? சொல்லவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அவள் அங்கேயே கிடப்பாள். அந்தச் சும்மா இருப்பதுதான் என்னை அரித்தது. சோற்றில் உப்பு இரண்டு தடவை போட்டேன். அத்தை துப்பிவிட்டு "ஒனக்கு என்னடி கேடு?" என்றார்.

அடுத்த ஞாயிறு மகள் திரும்பவும் போனோடு வந்தாள். விரலைப் பற்றிய வாக்கியம் ஒன்றை வாசித்தாள்.

"இது வேற மாதிரிம்மா. வெரலுக்குச் சொல்றப்ப மட்டும் பின்னுற ஆளு வர்றாங்க. 'அவள் தன் விரல்களை அவனுடைய விரல்களோடு பின்னிக்கொண்டாள்.' பாத்தியா, அவளே பின்னுறா."

"பெறகு?"

"பெறகென்ன? வாக்கியம் முடிஞ்சிருச்சு."

"வெரல எடுத்துக்கிட்டாளான்னு கேக்குறேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எடுத்துக்கிருவா. அவ வெரலுதானேம்மா. எதுக்கு இப்படிக் கேக்குற?"

"சும்மாதான்" என்றேன்.

திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரச்சேலை நாற்றம், ஏலக்காய் வாசம், இருட்டு. வளைவில் திரும்பும்போதெல்லாம் இருபது முட்டியும் ஒன்றாகச் சாய்ந்தன. கீழே போடி வெளிச்சம் தெரிந்தது, மறைந்தது, திரும்பத் தெரிந்தது. போடியில் ஜீப்பு நின்றது. போடிக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான் இறங்க வேண்டும். கதவோரத்தில் இருந்தவர்கள் இறங்கினார்கள். நான் எழுந்தேன். அவள் தன் முட்டியை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள்.

நான் நகரவில்லை.

"மதினி, எறங்கு" என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்துரு. வா."

தார்ப்பாய் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து டிரைவர் திரும்பினார். "சிலமலை இன்னும் வரல ஆத்தா. இது போடி."

"அவுகளுக்கு ஊரு தெரியாதாக்கும்" என்றாள், அன்றைக்குப் போடிக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று சொன்னாளே, அவள்தான். "நீ பிரேக்க அமுக்கிக்கிட்டு ஒக்காரு. ஏ, எல்லாரும் காலைத் தூக்குங்கடி. அந்தப் புள்ள எறங்கட்டும்."

ஒவ்வொருத்தியாக முட்டியைத் தூக்கினார்கள். மதினிக்குக் கால் மரத்துப்போயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஜீப்பு உடனே போகவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிலமலை ஆள், அவருக்கும் கணக்குத் தெரியும். சிலமலைக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது, இவள் ஏறுவாளா என்று பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன்.

வாசலில் தன் மகளைப் பார்த்ததும் அத்தை ஓடி வந்து கட்டிக்கொண்டார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அழுதார். ஈரத்தலையைத் துவட்டிவிட்டார். காப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னார், நான் போட்டேன். அவள் குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு நான் நினைவுக்கு வந்தேன்.

"சரி. எம்மக வந்துட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார். "இனி ஒன்னைய என்ன செய்ய?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை எடுக்கவில்லை. அத்தை உள்ளே போய் என் துணிகளை ஒரு பையில் எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. மதினி எழுந்தாள். நான் தலையை ஆட்டி உட்காரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தபோது பை வாசலில் இருந்தது. தங்கச்சியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பஸ்சு இருக்குறப்பவே இவளக் கொண்டுபோயி சிலமலையில விட்டுட்டு வந்துரு" என்றார் அத்தை.

அவர் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையைத் தடவிக்கொண்டார். "பசிக்குது. சோறு வையி."

"நான் சொன்னது காதுல விழுகல?"

"தொட வலிக்குதும்மா. பஸ்சுல ஏற முடியாது."

"தொடைக்கு என்னடா?"

உள்ளேயிருந்து மதினி சிரித்துவிட்டாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தட்டை வைத்தேன். அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் குழம்பு கேட்டார்.

என் அண்ணன் பிறகு ஒரு நாள் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான். குடிக்காமல் வந்திருந்தான், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவதான் வந்துட்டால்ல. நீ எப்ப வர்ற?"

"நான் வரலண்ணே."

"அப்ப நான் கொடுத்ததும் போச்சு, எடுத்ததும் போச்சா?"

"ஒன் பொண்டாட்டிய வந்து கேளு. என்னையக் கேக்காத."

அவன் நின்றான். வீட்டைப் பார்த்தான். கேட்காமல் போய்விட்டான். சிலமலையில் இப்போது ஒரு விசேஷத்துக்கும் எனக்குச் சொல்வதில்லை. அவன் என்ன சாப்பிடுகிறான் என்று ஜீப்பில் வருகிறவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அங்கே போக முடியாது. போனால் திரும்பி வர விடுவார்களா என்று தெரியாது.

மகள் வகுப்பில் பேசினாள். வேர், கொடி, விரல் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஜீப்பில் போகிற பெண்களின் முட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் சொந்தமாகச் செய்து சொன்னாளாம். டீச்சர், வாக்கியத்தில் தப்பில்லை, ஆனால் முட்டிக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை என்றார்களாம். "அவுக ஜீப்புல போயிருக்க மாட்டாக" என்றேன். மகள் அதையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

இப்போது மதினியும் நானும் போடியிலேயே ஏறுகிறோம். பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். எதிரில் வேறு யாரோ ஒருத்தியின் முட்டி இருக்கிறது. வீட்டில் அத்தை என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் அன்றைக்குக் கட்டின பையை அவர் பிரிக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தினமும் காலையில் குனிந்து, அந்தப் பையிலிருந்துதான் அன்றைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுக்கிறேன். துவைத்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்ப அதிலேயே வைக்கிறேன்.